நங்கூரத்தில் நின்ற கப்பலுக்கு ஓவிய வகுப்பு

என் தம்பி சரக்குக் கப்பலில் இரண்டாம் என்ஜினீயர். அப்பா நெய்வேலி மைன்ஸில் மண்ணுக்கு அடியில் கிடந்த கரியை வெளியே எடுத்தே ரிட்டயர் ஆனார். மகன் வேறு ஊர்க் கரியைக் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறான். என் கணவரும் மைன்ஸ்தான், கன்வேயர் பிரிவில் ஷிப்ட் வேலை. வீட்டில் கரிக்குச் சம்பந்தமில்லாத ஒரே ஆள் நான் என்று சொல்லிக்கொள்ளலாம். டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய டீச்சர். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்சிலால் நிழல் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் நாட்களில், என் கை அவர்கள் இரண்டு பேர் கையையும்விடக் கறுப்பாக இருக்கும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை நான் அறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் எண்ணெய். கணவர்தான் போனை என் காதருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உனக்கு ஒரு வேலை வந்திருக்கு. எங்க கேப்டன் சொன்னாரு."

கப்பல் கேப்டன் எனக்கு என்ன வேலை கொடுக்க முடியும் என்று புரியவில்லை. தம்பி விளக்கினான். ஆஸ்திரேலியப் பக்கம் கரி ஏற்றப் போன கப்பலுக்குத் துறைமுகத்தில் இடம் கிடைக்கவில்லை. வெளியே கடலில் நங்கூரம் போட்டு வாரக்கணக்கில் நிற்கிறார்கள். முன்னால் வரிசையாக இன்னும் பல கப்பல்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"இங்க எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டாங்கக்கா," என்றான்.

"ஏன்டா, புயலா?"

"புயல் வந்தா நல்லாதான் இருப்போம். ஆளுக்கு ஒரு வேலை இருக்கும். இப்பிடி நின்னுகிட்டே இருக்கறதுதான் தாங்க முடியல. கரை தெரியுது, ஊர் விளக்கெல்லாம் தெரியுது, இறங்க முடியாது. ஒருத்தன் டீ உறிஞ்சற சத்தம் இன்னொருத்தனுக்குப் பிடிக்கல. குக்கும் போசனும் பேசிக்கிறதே இல்ல."

போசன் என்பவர் டெக்கில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் தலைவர். தூத்துக்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சமையல்காரர் நம் கடலூர்த் துறைமுகப் பக்கத்து ஆள். போசன் ஒருநாள் சமையலறைக் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார். அது தெரியாமல், கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்த சமையல்காரர் கதவைத் தோளால் தள்ளியிருக்கிறார். வெள்ளைச் சட்டை பாதி பச்சையாகிவிட்டது. வேண்டுமென்றே செய்த காரியம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து போசன் தட்டில் விழும் மீனில் மட்டும் உப்பு இருக்காது. ஒரே சட்டியில் பொரித்த மீனில் அதை எப்படிச் சாதிக்கிறார் என்பது மட்டும் கப்பலில் எந்த என்ஜினீயருக்கும் விளங்கவில்லை.

இந்த நிலையில் கப்பல் கம்பெனியின் ஆபீஸிலிருந்து ஒரு யோசனை வந்தது. மன அழுத்தத்துக்கு ஓவியம் நல்லது, எல்லோரையும் வரையச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னதோடு நிற்காமல், படகில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் அனுப்பியபோது அவற்றோடு ஒரு பெட்டி நிறைய வரைதாளும் கலர் பென்சிலும் அனுப்பிவிட்டார்கள். கேப்டன் பெட்டியைத் திறந்து, தவறான கப்பலுக்கு வந்துவிட்ட உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம். பிறகு என் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நீ ஏன்டா வாயைத் திறந்த?" என்றேன்.

"நான் தொறக்கலக்கா. நீ பொங்கலுக்கு வரைஞ்ச படத்த போன்ல முகப்பா வெச்சிருந்தேன். அவரு பாத்துட்டாரு."

ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு வீடியோவில் ஓவிய வகுப்பு. வேலை நேரத்தில் இல்லாத அனைவரும் வந்தாக வேண்டும். மனதை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கேப்டன் உத்தரவு.

போனைப் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது எங்க மூஞ்சியெல்லாம் எப்பிடி இருக்கும்னு எவனாவது பாத்தானா? எங்களுக்கு ஒரு கலர் பென்சில் வாங்கிக் குடுக்க ஆள் இல்ல," என்றார். பலாச்சுளை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஒத்துக்க, டீச்சர். அவங்களாவது நல்லா இருக்கட்டும்," என்றும் சொன்னார். என்னைக் கேலி செய்யும்போது மட்டும் டீச்சர் என்பார்.

எனக்குத் தெரிந்த பாடமெல்லாம் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கானது. மாம்பழம், பூந்தொட்டி, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன். நடுக்கடலில் இருக்கும் மீசைக்காரர்களுக்கு எதைச் சொல்லித்தருவது? யோசித்து யோசித்து, அளவு பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அவர்களுக்கு மாலை நான்கு மணி என்றால் நமக்கு இன்னும் சமையல் முடியாத நேரம். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் கப்பலின் சாப்பாட்டு அறை தெரிந்தது. பாதிப் பேர் நம் நாட்டுக்காரர்கள், மீதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சுவரோரம் கேப்டன் நின்றிருந்தார். கேமரா இருந்த கோணத்தில் அவருடைய பெல்ட்டும் அதற்குக் கீழேயும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே முதல் சில வாரம் கேப்டன் என்றால் எனக்கு இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டைதான்.

பழக்கதோஷத்தில், "சில்ட்ரன், யாரும் பென்சிலைக் கடிக்கக் கூடாது," என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டேன். முன்வரிசையில் கழுத்துவரை பச்சை குத்தியிருந்த ஒரு பெரிய மனிதர் சட்டென்று வாயிலிருந்து பென்சிலை எடுத்தார்.

போசன் கையைத் தூக்கினார். "எக்கா, ஒரு சந்தேகம். நான் விடிஞ்சதுலேர்ந்து அடையிற வரைக்கும் பெயிண்டுதான் அடிக்கேன். கப்பல் முழுக்க நான் அடிச்ச பெயிண்டுதான். ஞாயித்துக்கிழமையும் பெயிண்டா?"

நியாயமான கேள்வி. "இன்னிக்கு பென்சில் மட்டும்தாங்க," என்று சமாளித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் குக்கர் விசில் அடித்தது.

திரையில் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. ஏதோ அபாயச் சங்கு என்று நினைத்து என்ஜின் அறை ஆட்கள் அத்தனை பேரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். என் தம்பி முதல் ஆளாக ஓடினான். கேப்டனின் கால்சட்டை விறைத்து நின்றது. நான் அடுப்புக்கு ஓடி அணைத்துவிட்டு வந்து, "அது எங்க வீட்டுச் சாம்பார்ப் பருப்பு," என்று இரண்டு மொழியில் விளக்கம் சொன்னேன். எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தம்பி என்னைப் பார்த்த பார்வையில், நான் சிறு வயதில் அவனை அடித்த அடிகள் எல்லாம் நினைவிருப்பது தெரிந்தது.

பாடத்துக்கு வந்தேன். பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் அளவு பார்ப்பது எப்படி என்று செய்துகாட்டினேன். காட்டும்போது அவர்கள் யாரும் அசையவில்லை. என்ன கவனம் என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் திரை உறைந்துவிட்டது என்று தெரிந்தது. இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முதல் வகுப்பே பாழ் என்று சமையலை முடிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் வாட்ஸப்பில் படங்கள் வந்து இறங்கின. அவர்கள் பக்கத்துத் திரையில் நான் உறைந்து நின்றிருக்கிறேன். ஒரு கண் மூடி, வாய் பாதி திறந்து, பென்சிலைக் கத்திபோல் நீட்டியபடி. டீச்சர் வரைவதற்காகவே அசையாமல் போஸ் கொடுக்கிறார் என்று நினைத்து, அத்தனை பேரும் என்னை வரைந்திருக்கிறார்கள். பச்சை குத்திய மனிதரின் படத்தில் நான் ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரியாகவே இருந்தேன். ஒருவர் என் தலைக்குப் பின்னால் தெரிந்த பிரிட்ஜையும், அதன் மேலிருந்த மாத்திரை டப்பாவையும்கூட விடவில்லை.

கணவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சிரித்து முடிக்க நேரமாயிற்று. "நான் இத்தன வருஷமா பாக்கற மூஞ்சிய ஒரே நாள்ல புடிச்சிட்டானுங்க," என்றார். அதில் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்தார்.

அடுத்த வாரம் அபாயம் இல்லாத பாடமாகக் கொடுத்தேன்: உங்கள் அறை ஜன்னல் வழியாகத் தெரிவதை வரையுங்கள். வந்த தாள்கள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெளிர்நீலம், கீழே அடர்நீலம். அவ்வளவுதான். கரையைப் பார்க்க மேல்தளத்துக்கு ஏறிப் போக வேண்டுமாம். ஒரே ஒருவர் மட்டும் தாள் முழுக்க ஆரஞ்சு நிறம் அடித்திருந்தார். இதென்ன, சூரிய அஸ்தமனமா என்று ஆவலாகக் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறது, வேறெதுவும் தெரியாது என்றார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. தினமும் எழுந்ததும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாம் வாரம் ஆளுக்கு ஆள் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தை வரைய வேண்டும் என்று சொன்னேன். வகுப்பில் சண்டை போட்ட பிள்ளைகளை நான் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பது வழக்கம். ஆகவே சமையல்காரரையும் போசனையும் ஜோடி சேர்த்தேன். தம்பி போனுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, வேணாம்க்கா. நாங்க சாப்பிடணும்," என்று கிசுகிசுத்தான். நான் காதில் வாங்கவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சமையல்காரர் என்னைப் பார்த்து, "அக்கா, இந்த மூஞ்ச எம்மா நேரம் பாத்துகினு இருக்கணும்?" என்றார்.

"வரைஞ்சு முடிக்கிற வரைக்கும்."

வெகுநேரம் பென்சில் உரசும் சத்தம் மட்டும்தான். ஜோடிக்கு ஓர் அழிரப்பர் என்பது என் ஏற்பாடு. அது சமையல்காரர் பக்கம் கிடந்தது. போசன் அதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தவறிப்போன கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் தாங்க முடியாமல், "ஏய், அந்த ரப்பரத் தாரியா?" என்றார்.

"கேக்கறதுக்கு வாய்கூட இருக்குதா? கையில பிரஷ்ஷு மட்டுந்தான் இருக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்று சொன்னபடியே சமையல்காரர் ரப்பரை உருட்டிவிட்டார்.

அதற்குப் பதில் சொல்ல எழுந்த போசனின் கண்ணில் எதிர்த்தாள் பட்டுவிட்டது. பிடுங்கிக்கொண்டு நேராகக் கேமராவுக்கு வந்தார். "எக்கா, நீங்களே பாருங்க. எம் மூக்கு இப்படியா இருக்கு?" என்று முகத்தைப் போனோடு ஒட்டினார். என் திரை முழுக்க மூக்கு. பக்கத்தில் தாளைப் பிடித்தார்.

ஓவிய ஆசிரியர் என்ற முறையில் நான் பொய் சொல்லக் கூடாது. "படத்துல இருக்கறது கொஞ்சம் சின்னதுங்க," என்றேன்.

அறையே சிரிப்பில் வெடித்தது. கேப்டனின் கால்சட்டைகூடக் குலுங்கியது. போசன் எல்லோரையும் முறைத்துப் பார்த்தார். மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தடவத் தடவ அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது சமையல்காரர், "அய்யோ, ஒலையில அரிசி போட்டு வந்தேன்," என்று சமையலறைக்கு ஓடினார். போசன் தாளையும் பென்சிலையும் தூக்கிக்கொண்டு, "ஏய், நில்லு! காது இன்னும் வரையலல்லா!" என்று பின்னாலேயே போனார்.

மீதியைத் தம்பி மறுநாள் சொன்னான். போசன் சமையலறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து காதை வரைந்திருக்கிறார். வரைந்துகொண்டே, "அன்னைக்கி கதவுல 'பெயிண்ட் காயல'ன்னு எழுதி ஒட்டத்தான் செஞ்சேன். காத்து கொண்டுபோயிட்டு," என்றிருக்கிறார்.

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா என்னா?"

"நீ எங்க கேட்ட? நேரா உப்புல கை வச்சிட்டியே!"

அன்று இரவுச் சாப்பாட்டில் போசன் மீனில் இரண்டு பங்கு உப்பு இருந்ததாம். சமாதானம் மிகுதியாகிவிட்டது, அவர் முகத்தைச் சுளிக்காமல் தின்று தீர்த்தார்.

இத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பலன் தெரிவதைப் பார்த்த கேப்டனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஓவியப் போட்டி ஒன்று அறிவித்துவிட்டார். தலைப்பு ஏதும் இல்லை, பரிசு உண்டு, நடுவர் நான்.

ஒரே வாரத்தில் கப்பல் பழைய நிலைக்குப் போனது. அவரவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு வரைந்தார்கள். ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்த்தால் சண்டை. தம்பி போன் செய்தான்.

"அக்கா, நீல பென்சிலக் காணோம்."

"எந்த நீலம்?"

"எல்லா நீலமும். யாரோ ஒளிச்சி வெச்சிட்டாங்க. கடல்ல நின்னுகிட்டு நீலம் இல்லாம எப்பிடிக்கா வரையறது? கேப்டன் கேபின் கேபினா தேடச் சொல்லியிருக்காரு."

எனக்கோ ஒவ்வொருவராக வாட்ஸப்பில் வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். பச்சை குத்தியவர் தன் மகளின் புகைப்படத்தை அனுப்பி, இந்தக் குழந்தைக்காக என்றார். போசன், "எக்கா, நான் ஒண்ணும் கேக்கல, சும்மா நலம் விசாரிச்சேன்," என்று தினமும் நலம் விசாரித்தார். என் தம்பியே, "தம்பின்னு பாக்காத, ஆனா பாரு," என்றான். பள்ளியில் விடைத்தாள் திருத்தும்போதுகூட எனக்கு இப்படித் தலைவலி வந்ததில்லை.

கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றி, வாசலில் கரித்தூளை உதறிக்கொண்டே கேட்டார். "பரிசு யாருக்கு?"

"யாருக்குக் குடுத்தாலும் மத்தவங்களுக்கு வருத்தம்."

"அப்ப யாருக்கும் குடுக்காத. எங்க செக்ஷன்ல ஒருத்தனை மட்டும் நல்லா வேலை செய்யறான்னு சொல்லிப் பாரு, அந்த ஷிப்டே முடிஞ்சுது."

மறுநாள் கேப்டனோடு பேசினேன். அவர் பம்பாய்ப் பக்கத்துக்காரர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். மனம் லேசாக வேண்டும் என்று வரையச் சொல்லிவிட்டு அதற்கு மார்க் போடுவது சரியில்லை, எல்லாப் படத்தையும் சுவரில் ஒட்டிவிடுங்கள் என்றேன். சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவரிடம் இப்படி யாரும் மறுத்துப் பேசி வழக்கமில்லை போலிருக்கிறது. பிறகு, "பரிசுக்காக ஒரு பெரிய சாக்லேட் பெட்டி வைத்திருக்கிறேனே, அதை என்ன செய்வது?" என்று கேட்டார். பிரித்துக் கொடுங்கள் என்றேன். சரி என்றார். மறுநாள் காலையில் நீலப் பென்சில்கள் எல்லாம் பெட்டியில் தாமாகவே வந்து கிடந்தன.

இரண்டு நாள் கழித்துக் கேப்டனிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடவே, வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்ற குறிப்பு. இத்தனை வாரமும் பின்னால் நின்றாரே தவிர அவர் வரைந்து நான் பார்த்ததில்லை. அது ஒரு நாய். கண்ணும் மூஞ்சியும் அத்தனை அன்பாக வந்திருந்தன. ஆனால் ஐந்து கால்.

மிகுந்த மரியாதையோடு, பின்னால் இருப்பது வாலா என்று கேட்டு எழுதினேன்.

வால் இல்லை என்று பதில் வந்தது. "நான்காவது கால் சரியாக வரவில்லை, ஆகவே பக்கத்தில் ஒன்று சரியாக வரைந்தேன். பேனாவால் வரைந்ததால் பழையதை அழிக்க முடியவில்லை. இது என் வீட்டு நாய். வயதாகிவிட்டது. நான் போவதற்குள் இருக்குமோ என்னவோ."

நன்றாக இருக்கிறது, இதையும் சுவரில் ஒட்டுங்கள் என்று மட்டும் எழுதினேன். ஒட்டமாட்டார் என்றே நினைத்தேன். ஒட்டிவிட்டார். கப்பலே வந்து படத்துக்கு முன்னால் வரிசையில் நின்றதாம். எல்லோரும் காலை எண்ணினார்கள், எல்லோரும் அருமை என்றார்கள், ஒருவரும் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் போசன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், நாய் நல்லா வேகமா ஓடும்போலயே," என்றார். தம்பி அதை ஆங்கிலப்படுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கேப்டன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம் என்றான் தம்பி.

அதற்கடுத்த வாரம் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கப்பல் போய்க் கரையைத் தொட்டது, கரி ஏற்றினார்கள், எல்லோருக்கும் மூச்சுவிட நேரமில்லை. ஞாயிறு நான்கு மணிக்குப் போன் வரவில்லை. ஊறுகாய் ஜாடியை நான் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். விட்டது தொல்லை என்று நினைக்க வேண்டியவள்தான். ஆனால் இரண்டு ஞாயிறு சாம்பார் வைக்கும்போது கவனம் அதில் இல்லை.

கார்த்திகை மாதத்தில் தம்பி விடுமுறையில் வந்தான். ஒரு வாரம் தூங்கினான். அவன் வந்திருப்பது தெரிந்து சமையல்காரரும் ஒருநாள் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஐஸ் பெட்டியில் வஞ்சிரம், கூடவே மனைவி. அந்த அம்மாள் உள்ளே வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"நீங்கதானுங்களா அந்த டீச்சரு?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உக்கார்றது இருக்கட்டுங்க. இவரு வூட்டுக்கு வந்ததுலேர்ந்து என்னை உக்கார வெச்சிகினு மூஞ்ச வரையறேன், மூஞ்ச வரையறேன்றாரு. அசையக்கூடாதாம், பேசக்கூடாதாம். ஒரு நாளாச்சும் பேசாம இருந்திருப்பனா நானு? அன்னிக்கி கொழம்பு அடிபுடிச்சி தீஞ்சி போச்சி. நீங்களே சொல்லி நிறுத்துங்க."

சமையல்காரர் மீன் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். நான் அவரைக் கண்டிக்கும் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே அந்தப் படம், பார்க்கலாம் என்றேன். அவர் நகர்வதற்குள் அந்த அம்மாளே கைப்பையைத் திறந்தார். தாளை நான்காக மடிக்காமல், கசங்காதபடி ஒரு கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் விரித்து, ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"கண்ணு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கலீங்க," என்றார். "ஆனா கம்மல பாருங்க. கல்லு ஒண்ணுகூட வுடல."

உண்மைதான். கம்மல் அபாரமாக வந்திருந்தது.

"அடுத்த தடவ கொழம்ப எறக்கி வெச்சிட்டு உக்காருங்கம்மா," என்றேன்.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நல்ல பொடவையா கட்டிக்கணுமே," என்றார்.